தமிழ்99 விரல்களுக்கு எந்தக் கீபோர்டு? டிவிஎஸ் கோல்டும் என் 75 சதவீதப் பலகையும்

தமிழ்99 என்ற விசை அமைப்பில் அடிக்கிறவர் கீபோர்டு வாங்கப் போனால் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது வலது ஷிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாய்கோட்டு விசையை. ‘ழ’ அங்கேதான் இருக்கிறது. அடுத்தது என்டருக்கு இடப்பக்கம் உள்ள மேற்கோள் குறி, அது ‘ய’. அதற்கு மேல் வரிசையில் சதுர அடைப்புக்குறிகள் இரண்டு: திறப்பது ‘ச’, மூடுவது ‘ஞ’. அரைப்புள்ளி ‘ந’. ஆங்கிலம் அடிப்பவருக்கு எப்போதாவது தேவைப்படும் இந்த விசைகள் இல்லாமல் நமக்கு ஒரு வாக்கியம் ஓடாது. ஆனால் கீபோர்டு விமர்சனங்களைப் பாருங்கள். சத்தம் எப்படி, விளக்கு எத்தனை நிறம், விளையாட்டுக்கு எவ்வளவு வேகம் என்று எல்லாம் இருக்கும். வலது சுண்டு விரல் என்ன பாடுபடும் என்று ஒருவரும் எழுதுவதில்லை. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் நீதிமன்ற ஆவணங்கள், சொத்துப் பத்திரங்கள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை தமிழ் அடிப்பதுதான் பிழைப்பு. இரவில் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பேன். கீபோர்டுகளைப் பிரித்து, ஸ்விட்ச் மாற்றி, ஸ்பிரிங் மாற்றிப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வேலைக்கும் அதுவே உதவுகிறது என்பதால் வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை.

தமிழ்99 தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த தரப்படுத்தப்பட்ட விசை அமைப்பு இது. உயிர் பன்னிரண்டும் புள்ளியும் இடக்கையில். மெய் பதினெட்டில் ‘வ’வும் ‘ங’வும் தவிர மற்ற பதினாறும் வலக்கையில். வலது ஆள்காட்டி விரலுக்கு ள, ற, க, ப, ல, ர என ஆறு எழுத்து. நடுவிரலுக்கு ன, ம. மோதிர விரலுக்கு ட, த. சுண்டு விரலுக்கு ண, ந, ய, ச, ஞ, ழ என மறுபடியும் ஆறு. கையிலேயே வலுக் குறைந்த விரலுக்கு மெய்யெழுத்தில் மூன்றில் ஒரு பங்கு! ‘நியாயம்’ என்று அடித்துப் பாருங்கள். மெய் நான்கில் மூன்று சுண்டு விரலுக்குப் போகும். ‘செய்ய’ என்றால் இடக்கை ஒரே ஒரு எகரம் போடும், மிச்சம் எல்லாம் சுண்டு விரல்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மெய்யை வலக்கை போட, உயிரை இடக்கை போட, கை மாறி மாறி ஓடும் அந்தத் தாளம் எனக்குக் கிடைத்த வேறு எந்த அமைப்பிலும் இல்லை. எஃப் விசையின் மேலும் ஜே விசையின் மேலும் விரலுக்குத் தட்டுப்படும்படி சின்ன மேடு இருக்கும் அல்லவா? தமிழ்99-இல் எஃப் விசைதான் புள்ளி. தமிழில் ஓயாமல் போட வேண்டியிருக்கும் புள்ளி, இடது ஆள்காட்டி விரல் சும்மா இருக்கும்போதே அதன் அடியில் இருக்கிறது. இந்த அமைப்பை வகுத்தவர்கள் தமிழ் எப்படி ஓடுகிறது என்று நன்றாகப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். கீபோர்டு செய்கிறவர்கள் நம்மை மனதில் வைத்துச் செய்யவில்லை, அவ்வளவுதான். அதனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

என்னுடைய முதல் நல்ல கீபோர்டு டிவிஎஸ் கோல்டு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். உள்ளே போனால் ஆளோடு ஆள் உரசிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு பக்கம் சிசிடிவி, ஒரு பக்கம் பழைய லேப்டாப், நடுவில் தள்ளுவண்டியில் சார்ஜர். கடைக்காரர் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

“டேலி கணக்கு அடிக்கவா மேடம்?”

“இல்லண்ணே, தமிழ் அடிக்க.”

“தமிழ் எழுத்து போட்டது இதுல வராதுங்களே.”

“எழுத்து வேண்டாம்ணே. விசை நல்லா விழுந்தா போதும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “அப்ப இதைவிட நல்லது இந்தத் தெருவுல இல்ல” என்றார். அன்றைக்கு என் கையில் இருந்த பணத்துக்கு அவர் சொன்னது சரிதான். மூவாயிரத்துக்குள் முடிந்தது.

டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் சென்னைக் கம்பெனி. கடைகளில் கரகரவென்று பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அவர்களுடையதுதான். கணக்கர் அலுவலகம், டிடிபி சென்டர் என்று போனால் இந்தக் கோல்டு கீபோர்டு நிச்சயம் கண்ணில் படும். மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள கீபோர்டு என்ற பேச்சு இங்கே இளைஞர்களிடம் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர்க் குமாஸ்தாக்கள் மெக்கானிக்கலில்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

என் பலகையில் ஒரு கீகேப்பை, அதாவது விசையின் மேல்மூடியைப் பிடுங்கினால் ஸ்விட்சின் நீலத் தண்டு தெரியும். செர்ரி எம்எக்ஸ் நீலம். செர்ரி ஜெர்மன் கம்பெனி. எம்எக்ஸ் ஸ்விட்ச் 1980-களில் வந்தது. விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2.2 மில்லிமீட்டரில் எழுத்து பதிந்துவிடும். நீலத் தண்டைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு தனியாக நகரும். அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டியதும் அது சட்டென்று கீழே விழுந்து ‘டிக்’ என்று சத்தம் போடும். எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் தெரியும். அடிவரை அழுத்த வேண்டியதில்லை. விலை மலிந்த ரப்பர் மெம்பிரேன் கீபோர்டில் பல வருஷம் அடித்தவருக்கு இந்த வித்தியாசம் முதல் பக்கத்திலேயே புரியும்.

விசைகள் எல்லாம் முழு அளவு. ‘ழ’ ஒடுங்கிப் போகவில்லை, ‘ஞ’ மூலைக்குத் தள்ளப்படவில்லை, வலது ஷிஃப்ட் நீளமாக இருக்கிறது. பலகை கனமானது, வேகமாக அடித்தாலும் மேசையில் நகராது. நம்பர் பேட் இருப்பதால் மவுஸ் தள்ளிப் போய்விடும், வலது தோள் அகட்டி உட்கார வேண்டியிருக்கும். கணக்கு வேலை இல்லாதவருக்கு அந்த இடம் வீண்தான்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பகலில் எனக்கு அது துணை. இரவில் வீட்டுக்கு அது தொந்தரவு. “என்னடி, நடுராத்திரியில தையல் மெஷின் ஓட்டுற மாதிரி” என்று அம்மா அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பார். நீல ஸ்விட்சின் குணமே அதுதான். கீழே மெத்தை போட்டாலும் சத்தம் குறையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘க’ விசையை இருமுறை தட்டினால் ‘க்க’. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ‘ந’வும் ‘த’வும் அடுத்தடுத்து வந்தாலும் ‘ந்த’ ஆகிவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாம் அப்படியே. மிகப் பெரிய வசதி. ஆனால் இதனால் ஒன்று நடக்கிறது: தமிழில் க்க, ட்ட, த்த, ப்ப, ல்ல, ன்ன என்று இரட்டிப்பு இல்லாத வரியே கிடையாது. ஆக, ஒரே விசையை ஒரே விரலால் வேகமாக இரண்டு முறை தட்டுவது நமக்கு அன்றாட வேலை. ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து வரும். இந்த அளவுக்கு வராது.

நீல ஸ்விட்சில் எழுத்து பதியும் இடமும், விசை மறுபடி தயாராகும் இடமும் ஒன்றல்ல. பதிந்த இடத்தைத் தாண்டி இன்னும் மேலே வந்து, அந்த வெள்ளைத் துண்டு பழைய நிலைக்குப் போனால்தான் இரண்டாவது தட்டு எடுபடும். நிதானமாக அடித்தால் எதுவும் தெரியாது. வேகம் பிடித்ததும் இரண்டாவது தட்டு விழுங்கப்படும். ‘எட்டு’ ‘எடு’ ஆகும். ‘பட்டம்’ ‘படம்’ ஆகும். சிவப்பு வகை, அதாவது சத்தமும் தடையும் இல்லாமல் நேராக இறங்கும் லீனியர் ஸ்விட்சில், பதியும் இடமும் விடுபடும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். விரலை இம்மி தூக்கி மறுபடி அழுத்தினால் போதும். லீனியர் விளையாட்டுக்காரர்களுக்கு, கிளிக் எழுதுகிறவர்களுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழ்99-க்கு அந்தப் பேச்சு பொருந்தாது. இரட்டிப்பு மிகுந்த நம் மொழிக்கு லீனியர்தான் தோது என்பது என் முடிவு. நீலத்தின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தையும் மீறித்தான் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்று உண்டு, அது இன்னும் மோசம். ஸ்விட்சுக்குள் இரண்டு உலோக இதழ்கள் தொட்டுக்கொள்ளும்போது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு அவை அதிரும். கீபோர்டின் ஃபர்ம்வேர், அதாவது அதற்குள்ளேயே ஓடும் மென்பொருள், அந்த அதிர்வைக் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிடும். தூசி படிந்தோ, இதழ் தேய்ந்தோ போனால் அதிர்வு நீளும். ஒரு தட்டு இரண்டாகப் பதியும். சாட்டர் என்பார்கள். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்தால் சொல் கோணலாகிக் கண்ணில் குத்தும், பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடும். தமிழில்? ‘ட’ இரட்டித்தால் ‘படம்’ ‘பட்டம்’ ஆகும். ‘கடை’ ‘கட்டை’ ஆகும். ‘மடம்’ ‘மட்டம்’ ஆகும். எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் வாயைத் திறக்காது.

என்னிடம் இருந்த ஒரு பழைய கீபோர்டில் (கம்பெனி எதுவாக இருந்தால் என்ன, எந்த ஸ்விட்சும் ஒருநாள் தேயும்) ‘ல’ விசைக்கு இது வந்தது. ஒரு வழக்கின் தீர்ப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மெய்ப்புப் பார்க்கும்போது ‘கொல்லை நடந்த இடம்’ என்று இருக்கிறது! ‘கொலை’ என்று அடித்தது ‘கொல்லை’ ஆகிவிட்டது. அந்த ஆவணம் முழுவதையும் ‘ல்ல’ ‘ல்ல’ என்று தேடித் தேடிப் பார்த்துத்தான் அனுப்பினேன். அன்றுமுதல், ஒரு ஸ்விட்சைக் கழற்றி இன்னொன்றைச் செருக முடியாத கீபோர்டை முதன்மைக் கருவியாக வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இடையில் ஒரு எச்சரிக்கை. சாட்டருக்கு மருந்து என்று விண்டோஸில் இருக்கும் ‘பவுன்ஸ் கீஸ்’ வசதியைப் போடச் சொல்வார்கள். அதில் குறைந்தபட்ச இடைவெளியே அரை விநாடி. அதற்குள் வரும் இரண்டாவது தட்டைத் தூக்கி எறிந்துவிடும். தமிழ்99-இல் அதைப் போட்டால் ‘அம்மா’ ‘அமா’தான். தொடவே தொடாதீர்கள்.

டிவிஎஸ் கோல்டில் ஸ்விட்ச் சர்க்யூட் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் இரண்டு கால்களிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து, புதியதை வைத்துப் பற்றவைக்க வேண்டும். கை பழகியவருக்கு ஐந்து நிமிட வேலை. செல்போன் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்தாலும் செய்துவிடுவார். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்கலாம், இந்த விசைக்கு மட்டும் இலகுவானதைப் போடலாம் என்று ஆசைப்படுகிறவருக்கு அது சரிப்படாது.

அப்படித்தான் கீக்ரான் வி1-க்கு வந்தேன். விலை கோல்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 75 சதவீத வகை: நம்பர் பேட் கிடையாது, மேலே எஃப்1, எஃப்2 என்று போகும் வரிசை உண்டு, அம்புக்குறி விசைகள் கீழே நெருக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். ஹாட்-ஸ்வாப், அதாவது ஸ்விட்சைக் கிடுக்கியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும், புதியதை அழுத்தினால் உட்கார்ந்துவிடும். சூடு, ஈயம் எதுவும் வேண்டாம். கால் இரண்டும் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் செருக வேண்டும். வளைந்த காலோடு அழுத்தினால் அது மடங்கி உள்ளே போகாமல் நின்றுவிடும்.

அழுத்த 45 கிராம் எடையளவு பலம் கேட்கும் லீனியர் ஸ்விட்சோடு வாங்கினேன். இரட்டைத் தட்டு அன்றைக்கே சரியாகிவிட்டது. ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று நீளமாக அடித்தால் ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லை. ஆனால் சுண்டு விரல் மாலையில் வலித்தது. அப்போதுதான் எனக்குப் பிடித்தமான அந்த வேலை தொடங்கியது.

டோப்ரே என்ற ஜப்பானியக் கம்பெனியின் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டில் ஒரு வகை உண்டு. எல்லா விசைக்கும் ஒரே எடை கிடையாது. சுண்டு விரல் விசைகளுக்கு 30 கிராம், மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 45 கிராம் என்று வேறுபடும். அதை வாங்கும் வசதி எனக்கு இல்லை. யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ண, ந, ய, ச, ஞ, ழ என்ற ஆறு ஸ்விட்சுகளையும் கழற்றினேன். ஒவ்வொன்றும் நான்கு கொக்கியால் பூட்டப்பட்ட சின்னப் பெட்டி. மூடியைத் திறந்தால் தண்டு, அதன் அடியில் ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 35 கிராம் ஸ்பிரிங் போட்டேன். இப்போது ஸ்விட்ச், ஸ்பிரிங், கிரீஸ் எல்லாம் விற்கும் இணையக் கடைகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. தண்டு உரசும் தடங்களில் கிரைடாக்ஸ் 205ஜி0 கிரீஸை மெல்லிய தூரிகையால் தொட்டும் தொடாமலும் தடவினேன். இந்தக் கிரீஸ் பசைபோல இருக்கும். கொஞ்சம் கூடினாலும் விசை மேலே எழும்புவதற்குச் சோம்பும். இரட்டைத் தட்டுக்கு அது ஆகாது. உலோக இதழ் பக்கம் தூரிகை போகவே கூடாது.

இந்த ஆறு விசை வேலையால் கிடைத்த சுகம் விலை கொடுத்து வாங்கிய எதிலும் கிடைக்கவில்லை. ‘செய்யாமல்’, ‘வாழ்ந்தாய்’, ‘ஞாயிறு’, ‘எழுந்து’ என்று சுண்டு விரல் சொற்களை மட்டுமே அடுக்கி அடித்துப் பார்த்தேன். விரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே ஓடுகிறது, பின்தங்கவில்லை. சாயங்கால வலி போய்விட்டது. 35-க்கும் கீழே இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். விரல் சும்மா படிந்திருந்தாலே எழுத்து விழுந்துவிடும். ‘ந’ அரைப்புள்ளி விசையில், அதாவது சுண்டு விரல் ஓய்வெடுக்கும் இடத்திலேயே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு வசதி, வயா என்ற செயலி. இந்தப் பலகையில் ஓடும் கியூஎம்கே ஃபர்ம்வேர் திறமூலம். எந்த விசையை எதுவாக வேண்டுமானாலும் மாற்றலாம். கேப்ஸ் லாக் தமிழுக்கு எதற்கு? அந்த விசையை விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்த தட்டாக மாற்றிவிட்டேன். ஒரே தட்டில் தமிழ், மறு தட்டில் ஆங்கிலம். லினக்ஸில் ஜிநோம் என்ற டெஸ்க்டாப்பிலும் மொழி மாற்ற அதே கூட்டு விசைதான் என்பதால் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. ஒரு பத்திரத்தில் சர்வே எண், ஆங்கிலப் பெயர், மறுபடி தமிழ் என்று மாறி மாறி வரும்போது இதன் அருமை தெரியும்.

ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்99 கீபோர்டுக்குள் இருப்பதில்லை. பலகை ‘இன்ன விசை அழுத்தப்பட்டது’ என்று மட்டுமே கணினிக்குச் சொல்லும். அதைத் தமிழாக்குவது கணினியில் இருக்கும் மென்பொருள். அதனால் ‘தமிழ் கீபோர்டு’ என்று கூடுதல் விலை சொல்லி விற்கும் எதையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். எழுத்து அச்சிட்டிருப்பது மட்டும்தான் வித்தியாசம்.

75 சதவீதத்தில் எனக்கு உறுத்தும் இடம் வலது ஷிஃப்ட். மேல் அம்புக்குறிக்கு இடம் விட அது குட்டையாகிவிடும். ஆங்கிலத்துக்கு இடது ஷிஃப்டை வைத்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. நமக்கு முடியாது. ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் இடக்கை மேல் வரிசையில், ஷிஃப்டோடு. இடக்கை எழுத்தை அடிக்கும்போது வலது ஷிஃப்டைத்தான் பிடிக்க வேண்டும். ‘ஜாமீன்’, ‘ராஜினாமா’, ‘நோட்டீஸ்’ இல்லாமல் நீதிமன்றத் தமிழ் ஏது? வி1-இன் அளவுக்கு விரல் பழகிக்கொண்டது. ஆனால் இதைவிடச் சிறிய, அம்புக்குறிகளையும் திணித்த 64 விசைப் பலகைகளில் வலது ஷிஃப்ட் ஒற்றை விசை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நண்பர் ஒருவருடையதில் அடித்துப் பார்த்தேன். ‘ஜ’ போடப் போனால் சுண்டு விரல் மேல் அம்புக்குறியில் விழுந்து, கர்சர் முந்தின வரிக்கு ஏறிவிடுகிறது. அங்கே ஒரு ‘ஊ’ முளைக்கிறது. தமிழ்99-க்கு அது வேண்டவே வேண்டாம்.

40 சதவீதப் பலகைகள் பார்க்க அழகு. இரண்டாகப் பிரிந்து கைக்கு ஒன்றாக இருப்பவை இன்னும் அழகு. அவற்றில் சதுர அடைப்புக்குறிகள் தனி விசையாக இருப்பதில்லை. வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டுதான் அவற்றைப் போட வேண்டும். அதாவது ‘ச’வும் ‘ஞ’வும் இல்லை. ‘சென்னை’ என்று எழுதவே இரண்டு விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய கருவி எனக்கு எதற்கு? லேப்டாப் வாங்குகிறவர்களும் இந்த மூலையைக் கவனியுங்கள். சில சிறிய லேப்டாப்களில் என்டர் பக்கம் உள்ள விசைகளை ஒடுக்கமாக்கி விடுகிறார்கள்.

கோல்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அப்பாவிடம் இருக்கிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். தன் ஊர்க் கோயில் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்99 எழுத்துகள் அச்சிட்ட ஸ்டிக்கர் தாள் வாங்கி, கீகேப்புகளை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து ஒவ்வொன்றாக ஒட்டிக் கொடுத்தேன்.

“எம்மா, ‘ழ’வை எங்க கொண்டுபோய் வச்சிருக்காங்க பாத்தியா?” என்றார்.

“கடைசி எழுத்துதானேப்பா, கடைசியில இருக்கு.”

“மெய்யில கடைசி ‘ன’ம்மா. ‘ழ’ பதினஞ்சாவது.”

அப்பா விசையைப் பார்த்துத்தான் அடிப்பார், இரண்டு ஆள்காட்டி விரலால். கண் கீபோர்டில் இருக்கும்போது திரையில் எழுத்து விழுந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அந்த ‘டிக்’ சத்தம்தான் அவருக்குச் சொல்கிறது. என் வி1-ஐக் கொடுத்துப் பார்த்தேன். “இது பேசவே மாட்டேங்குது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வேகத்துக்கு இரண்டாவது தட்டு விழுங்கப்படும் பேச்சே இல்லை. புதிதாகத் தட்டச்சு பழகுகிறவருக்கும் வயதானவருக்கும் கோல்டையே சொல்வேன், தயங்காமல். நாள் முழுக்க வேகமாக அடிக்கிறவருக்கு மட்டும்தான் லீனியரும் ஹாட்-ஸ்வாப்பும்.

கீகேப் விஷயத்தில் பிபிடி பிளாஸ்டிக்கே வாங்குங்கள். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கீகேப் நம் ஊர் வேர்வைக்குச் சீக்கிரம் பளபளவென்று வழுக்க ஆரம்பிக்கும். முதலில் வழுக்குவது ‘க’வும் ‘ம’வும் புள்ளியும்தான்.

கடையில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அங்கே இருக்கும் கணினியில் தமிழ்99 இருக்காது, தேவையும் இல்லை. நோட்பேடைத் திறந்து, விரல் பழகியபடி ‘வாழைப்பழம்’, ‘நியாயம்’, ‘செய்ய’, ‘ராஜினாமா’ என்று அடித்துப் பாருங்கள். திரையில் ஏதோ ஆங்கிலக் குப்பை வரும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். சுண்டு விரல் தேடுகிறதா, வலது ஷிஃப்ட் அகப்படுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பிறகு ‘ட’, ‘ல’, ‘க’, ‘த’, ‘ப’ விசைகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு வரி நிறையும் வரை ஒற்றை ஒற்றையாகத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஸ்பேஸ் விடுங்கள். எங்காவது ஒரு இடத்தில் இரண்டு எழுத்து ஒட்டி விழுந்தால் அந்தப் பெட்டியை மூடி, வேறு பெட்டி கேளுங்கள்.